பெட்டி உங்களுடையது... பூட்டு யாருடையது?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அந்தப் பெட்டியின் முதுகைத் தவிர பார்க்க வேறொன்றும் இருக்காது. திருவொற்றியூர்வாசியான எனக்குப் பாதி ஆயுள் அந்த முதுகைப் பார்த்தே கழிந்தது. பார்த்ததில் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. பெட்டி எந்த நாட்டுக் கம்பெனியுடையதோ, டிரெய்லர் எந்த முதலாளியுடையதோ... கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. ஜாதகப் பொருத்தமெல்லாம் பார்ப்பதில்லை!

ரகசியம், பெட்டியின் மூலைகளில் இருக்கும் ஓட்டை. 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலேற்றி இந்தத் தொழிலை ஆரம்பித்தார். 1960-களில் அவருடைய கம்பெனி, மூலைப் பூட்டுக்கான பேடன்ட்டை 'எல்லோரும் உபயோகித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுக்கொடுத்தது. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தபோதும் அதே ஓட்டை, அதே பூட்டுதான். 'என் பெட்டி என் கப்பலில்தான் ஏறும்' என்று அவர் அடம்பிடித்திருந்தால், ஜீரோ கேட்டில் இன்னும் மூட்டை சுமந்துகொண்டிருப்போம்.

கம்ப்யூட்டர் உலகில் அப்படி அடம்பிடிப்பவர்கள் உண்டு.

அக்கா பையன் கேட்டான்: "மாமா, ரிச்சி தெருவுல பார்ட்ஸ் வாங்கி நானே ஒரு மெஷின் அசெம்பிள் பண்ணிட்டேன். அதுல ஆப்பிளோட மேக் ஓ.எஸ். போட்டா என்ன தப்பு?"

ஓ.எஸ். என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் தகரப் பெட்டி. விண்டோஸும் லினக்ஸும் பல கம்பெனி மெஷின்களில் ஏறும். மேக் ஓ.எஸ். மட்டும் ஆப்பிள் பெயர் போட்ட மெஷினில்தான் ஏறலாம் என்று உரிம ஒப்பந்தமே சொல்கிறது. படிக்காமலே 'சம்மதம்' என்று தட்டிவிடுகிறோமே, அதே ஒப்பந்தம்தான்!

'சர்க்கரை வேணும்னா டீத்தூளும் வாங்கு' என்கிற கடைக்காரரின் நியாயம்தானே இது? அமெரிக்காவில் இது கோர்ட் படியும் ஏறியது. டேட்டா ஜெனரல் என்ற கம்பெனி, தன் நோவா மெஷினை வாங்கினால்தான் தன் ஓ.எஸ். என்றது. 1984-ல் ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட், ஏகபோகத் தடைச் சட்டப்படி அது தவறு என்றது. 2008-ல் ஃப்ளோரிடாவின் ஸைஸ்டார் என்ற சின்னக் கம்பெனி, சுமார் 400 டாலரில் ஆரம்பிக்கும் மெஷின்களில் மேக் ஓ.எஸ். ஏற்றி விற்றது. ஆப்பிள் வழக்குப் போட்டது. 2011-ல் அதே அப்பீல் கோர்ட் ஆப்பிள் பக்கம் சாய்ந்தது! முன்னது 'வாங்குகிறவரைக் கட்டாயப்படுத்தலாமா?' என்ற கேள்வி. பின்னது 'யாருடைய படைப்பை யார் காப்பியடித்தது?' என்ற பதிப்புரிமைக் கேள்வி.

ஆப்பிள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1995-ல் பிற கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுத்துப் பார்த்தார்கள். அவை ஆப்பிளின் சொந்த விற்பனையையே தின்ன ஆரம்பித்தன. 1997-ல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அந்தக் கடையைச் சாத்தினார். 2013 முதல் ஓ.எஸ். மேம்பாடு இலவசம். காசுதான் மெஷின் விலையிலேயே வந்துவிடுகிறதே!

சரி, கம்பெனி கைவிட்டால் என்ன கதி? அதுதான் என் கவலை. ஐ.பி.எம். ஒரு காலத்தில் இந்தியாவில் மெஷின்களைப் பெரும்பாலும் வாடகைக்குத்தான் விட்டது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியர்களுக்குப் பங்கு கொடு என்றதும், 1978-ல் மூட்டை கட்டிவிட்டது. மெஷின்கள் இங்கேயே நின்றன. அவற்றின் பராமரிப்பை அரசு நிறுவனமான சி.எம்.சி. ஏற்றது. வெளியாள் கைவைக்க முடிந்ததால் வேலை ஓடியது.

இப்போது? 2020-ல் ஆப்பிள் இன்டெல் சில்லை விட்டுச் சொந்தச் சில்லுக்கு மாற ஆரம்பித்தது. 2025-ல் வந்த 'டாஹோ'தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் புது ஓ.எஸ். என்று அறிவித்துவிட்டது. பையனின் அசெம்பிள் மெஷின் கனவுக்கும் அத்தோடு கதவு சாத்தியாயிற்று. ஆனால் பழைய இன்டெல் மேக் வைத்திருப்பவர்கள் பரணில் போட வேண்டாம். பலவற்றில் லினக்ஸ் ஏறும்.

இந்தப் பூட்டு கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நம் வீட்டுப் பிள்ளைகள் கையால் சேர்க்கும் ஐபோனிலும் கம்பெனியின் ஓ.எஸ். மட்டும்தான்.

ஆகவே, கடனை உடனை வாங்கி டி.டி.பி. கடை வைப்பவர்களும், பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும் பெற்றோரும், கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். "இதுல வேற ஓ.எஸ். ஏறுமா? கம்பெனி கைவிட்டா எத்தனை வருஷம் ஓட்டலாம்?"

அவர் தலையைச் சொறிந்தால், பர்ஸை இன்னும் கொஞ்ச நேரம் பையிலேயே வைத்திருங்கள்.