நடுக்குவாதமும் தூக்கமும்: காந்தத் தூண்டல் எவ்வளவு உதவும்?

அகளியில் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவருக்குப் பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கை நடுக்கத்தை அவர் பொறுத்துக்கொண்டார். தூக்கம் கெட்டதைத்தான் தாங்க முடியவில்லை. வெளிநாட்டிலுள்ள மகன், தலையில் மாட்டிக்கொள்ளும் பேட்டரிக் கருவி ஒன்றை வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். "ஏனுங்க சார், என் தலைக்குள்ளயே ரயில் ஓட்டப் போறாங்களா?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார். நான் டிப்ளமோ படித்த ரயில்வே பொறியாளன், மருத்துவன் அல்லன். ஆனால் கம்பிச்சுருளும் மின்சாரமும் பழக்கமானவை என்பதால், படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தபோதே தூக்கக் கேட்டையும் குறிப்பிட்டிருக்கிறார். நடுமூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் உடல் விறைக்கிறது, நடுங்குகிறது. டோபமினாக மாறும் லெவோடோபாதான் இன்றும் முக்கிய மருந்து. (பூனைக்காலி விதையிலிருந்து அதை 1937-ல் பிரித்தெடுத்தவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும். அதற்காக விதையை இடித்துக் குடித்துவிடாதீர்கள். அளவு தெரியாமல் போகும்.)

தூக்கம் கெடுவதற்குக் காரணம் ஒன்றல்ல. இரவில் மாத்திரையின் வேகம் குறைந்து, புரண்டு படுக்க முடியாமல் போகலாம். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கலாம். மனச்சோர்வு இருக்கலாம். சிலருக்குக் கனவில் நடப்பதையெல்லாம் கையும் காலும் செய்து காட்டும், கத்துவார்கள், உதைப்பார்கள். நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது வருவதுண்டு. பெரியவரின் மனைவி அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டது இதனால்தான். கணவருக்கு ஏதோ கோபம் என்றே அந்த அம்மா வெகுநாள் நினைத்திருந்தார்.

இனி காந்தத்துக்கு வருவோம். கடைத்தெருவில் விற்கும் காந்த வளையல் அல்ல இது. 1831-ல் பாரடே கண்ட தத்துவந்தான்: ஒரு சுருளில் மின்சாரம் மாறினால், அருகிலுள்ள கடத்தியில் மின்சாரம் தூண்டப்படும். டிரான்ஸ்பார்மரில் இரண்டாவது சுருள் இருக்கும் இடத்தில் இங்கே மூளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் வைத்த சுருளில் மிகக் குறுகிய நேரம் பலத்த மின்சாரம் பாயும். மண்டையோட்டைத் திறக்காமலே நரம்பு செல்கள் தூண்டப்படும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவும் 1985-ல் இதைச் செய்து காட்டினார்கள். மகன் சொன்ன பேட்டரிக் கருவி வேறு வகை; அது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் அளவே நேர்மின்சாரம் செலுத்துவது.

சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. சாதாரணச் சுருளின் காந்தத் துடிப்பு மூளையின் மேற்புறத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரைதான் நன்றாக எட்டும். டோபமின் செல்களோ உள்ளே ஆழத்தில். ஆகவே அழிந்த செல்களை இது மீட்காது. மேற்புறத்தைத் தூண்டி, அதனோடு இணைந்த நரம்புப் பாதைகளைச் சீர்செய்யப் பார்க்கிறது. 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தலையின் பக்கவாட்டு மேற்பகுதியைத் தூண்டியபோது இரவில் விழிப்பது தற்காலிகமாகக் குறைந்தது; அசைவுக்கான பகுதியைத் தூண்டியபோது குறையவில்லை. 2010-ல் வந்த மற்றோர் ஆய்வில், உச்சந்தலையில் கொடுத்த தூண்டல் போலித் தூண்டலைவிட மேலான பலன் தரவில்லை. கலந்துகொண்டவர்களும் சிலரே. மனச்சோர்வுக்கு இச்சிகிச்சையை அமெரிக்கா 2008-ல் அனுமதித்தது. பெங்களூர் நிம்ஹான்சிலும் மனநோய்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். நடுக்குவாதத் தூக்கத்துக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

வலிப்பு வந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், தலைக்குள் உலோகம் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் தாமாகவே கருவி மாட்டிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

மகனிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். பெரியவரை ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். மனைவி சொன்னதைத்தான் அவர் அதிகம் கேட்டார். இரவு மாத்திரையை மாற்றினார்; கட்டிலைத் தாழ்த்தச் சொன்னார்; அருகிலிருந்த கண்ணாடி மேசையை எடுக்கச் சொன்னார். இப்போது நாலைந்து மணி நேரம் தூங்குகிறார். சில இரவுகளில் இன்னும் கத்துகிறார்; ஆனால் அந்த அம்மா பழைய அறைக்குத் திரும்பிவிட்டார்.