மகன் வீட்டுக்குப் போகுமுன் சொந்த வீட்டுப் பத்திரம்

"இந்தப் புகையில இன்னும் எத்தனை நாளைக்கு? வெளிநாட்டுல இருக்கற பையன் கூப்பிடறான், அங்கேயே போயிடலாம்." எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைவேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இப்படிச் சொல்வதைக் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சு முட்டி வீதிக்கு ஓடி வந்தவர்கள் அவர்கள். வாடகையும் மருந்தும் மகன் பொறுப்பு என்றால் பென்ஷன் மிச்சமாகும் என்ற கணக்கும் நியாயமானதே.

என் கவலை வேறு. கிளம்புகிற அவசரத்தில் பிள்ளை பேருக்கு வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். உயிலை உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிவாகி, பிள்ளை அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. அயல்நாட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளாமலோ விசா முடிந்தோ திரும்பி வந்தால், சொந்த வீட்டுச் சாவி இன்னொருவர் கையில் இருக்கும்.

எனவே உயிலே நல்லது. செட்டில்மென்ட்தான் என்றால், ஆயுள் உள்ளவரை கணவன், மனைவி இருவருக்கும் குடியிருக்கும் உரிமை, வாடகை வாங்கும் உரிமை, சாப்பாடும் வைத்தியமும் பிள்ளையின் கடமை என்பதை வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி தருகிறது. நிபந்தனை இருந்ததென்று நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. வீட்டைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று 2025 ஜனவரியில் சொன்னது. நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வழக்கு சுலபம்.

வரி கட்ட, வாடகை வசூலிக்க யாருக்காவது பவர் கொடுத்தால், விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள்.

பென்ஷனுக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று வேண்டும். தராவிட்டால் பணம் நின்றுவிடும். அயல்நாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் பெறலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே உதவாது. கனடா, பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலர் மருத்துவக் காப்பீடு கேட்கிறது. அதன் பிரீமியத்தை யார் கட்டுவது என்பதை டிக்கெட் போடுமுன் பேசி முடியுங்கள்.

பிள்ளை கைவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுங்கள், வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். தீர்ப்பு திருப்தியில்லையென்றால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மகன் துபாயில் இருந்தாலும், இந்தியக் குடிமகனாக இருக்கும்வரை 2007ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் அவனையும் கட்டுப்படுத்தும். அயல்நாட்டில் இருப்பவருக்குச் சம்மன் அனுப்பவும் இதில் வழி உண்டு.

ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567, இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு அந்தச் சட்ட உதவியில் வருமான வரம்பு கிடையாது. தீர்ப்பாய மனுவோடு பத்திரத்தின் சான்றிட்ட நகல், வில்லங்கச் சான்று, வயதுச் சான்று மூன்றையும் இணையுங்கள். அவற்றின் நகல்களை, கிளம்புமுன்பே நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் ஒரு கட்டாகக் கொடுத்து வையுங்கள்.