பஸ் காசு யார் கொடுப்பது?

போன வருஷம் மே மாதம் ஒரு பொண்ணு எங்கள் பண்ணைக்கு வந்தாள். அரசுக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு தாவரவியல். கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஏதாவது ஒரு அமைப்பில் வேலை கற்றுக்கொண்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வரணும் என்று கல்லூரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்டர்ன்ஷிப் என்கிறார்களே, அதுதான். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் புதிய மாதிரிப் பாடத்திட்டத்தில் இரண்டாம் ஆண்டு முடிகிற விடுமுறைக்கு இதை வைத்திருக்கிறார்கள். கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளைகள் ஆளாளுக்கு இடம் தேடி அலைவது இதனால்தான்.

மேல்சித்தாமூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இயற்கை வேளாண்மை செய்யும் நாங்கள் பதினாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். முறையாகப் பதிவு செய்தது, லாபம் பார்க்காதது. கையிருப்பு என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றும் கிடையாது. பங்கேற்புச் சான்றுக்காகப் பண்ணைக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அஞ்சு பேராவது சேர்ந்து குழு அமைத்து, ஒருத்தர் நிலத்தை இன்னொருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடும் முறை அது. விதைத்தது எப்போ, எரு போட்டது எவ்வளவு, பக்கத்து நிலத்தில் மருந்து அடித்தால் வரப்பில் தடுப்பு என்ன என்றெல்லாம் எழுதி வைக்கணும். நம்ம ஆளுங்க உழச் சொன்னால் உழுவார்கள். எழுதச் சொன்னால் "நாளைக்கு" என்பார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பொண்ணு ஒரு நீள நோட்டு வாங்கி, கோடு போட்டு ஆரம்பித்தாள். ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்தாள். மூணாவது நாள் அவளே இன்னொரு பகுதியையும் சேர்த்துக்கொண்டாள். எந்த வீட்டில் எந்த விதை எத்தனை வருஷமாக இருக்கிறது என்ற கணக்கு. மல்லாட்டை என்றாலே நம்ம பக்கம் டி.எம்.வி. ரகங்கள்தான் பேச்சில் வரும், டி.எம்.வி. என்பதே திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பதுதானே. அதற்கு முன்னாடி என்ன போட்டீங்க என்று எழுபது, எண்பது வயசு ஆயாக்களிடம் அவள் கேட்டாள். அவர்களும் சொன்னார்கள். கொடி மல்லாட்டையைக் களைக்கொட்டால் கொத்தி எடுத்தது, மழை தவறின வருஷத்தில் எது காய் பிடித்தது, எந்தப் பருப்பு வறுத்தால் மணக்கும் என்று பக்கம் பக்கமாக. நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிற எனக்கே தெரியாத சேதிகள்.

பன்னிரண்டாவது நாள் அவள் வரவில்லை. போன் போட்டேன்.

"ஐயா, இனிமே வர முடியாதுங்கய்யா. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இன்னாம்மா, உடம்புக்கு ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்லைங்கய்யா. பஸ்ஸுக்கே தினம் நாப்பத்தாறு ரூவா ஆவுது. திண்டிவனத்துல ஜவுளிக்கடைல கூப்புடுறாங்க, லீவுக்கு. ஒம்பதாயிரம் தர்றாங்களாம். அம்மா போவச் சொல்றாங்க."

பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாச்சே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அது சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டும். அவள் ஊரிலிருந்து அந்த நேரத்துக்கு வருவது தனியார் வண்டி. கல்லூரி பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில்தான் செல்லும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற 1000 ரூபாய் வீட்டுச் செலவில் கரைந்துபோகிறது. எங்கள் வீட்டில் மதியச் சோறு போட்டோம். சோறு மட்டும் போட்டால் போதும் என்று நினைத்தது என் தப்பு.

கடைக்குப் போனது சரியா தப்பா என்று யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த வீட்டு நிலைமையில் நானாக இருந்தாலும் கடைக்குத்தான் போயிருப்பேன். எங்கள் பண்ணையில் ஒரு மாதம் இருந்தால் அவளுக்கு 1000 ரூபாய்க்கு மேல் கைக்காசு போகும். கடையில் வரவேண்டிய 9000மும் போகும். ஆகப் பத்தாயிரம் ரூபாய் செலவழித்து எங்கள் நோட்டை எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம். அவளிடம் அந்தப் பத்தாயிரம் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும், அது காரில் வந்து இறங்கும். அப்படியும் சிலர் வந்திருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுக்க அவர்களுக்கு வரவில்லை.

வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் விஷயத்தில் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கிராமத் தங்கல் திட்டம் என்று இறுதியாண்டு மாணவர்கள் நம்ம ஊர்களுக்கு வருகிறார்கள், பார்த்திருப்பீர்கள். தெருவில் கலர்ப் பொடியில் ஊர் வரைபடம் போடுவார்கள், விதை நேர்த்தி செய்து காட்டுவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். 1979-80இல் ஆந்திர வேளாண் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை இது. 1992இல் ரந்தாவா குழு பரிந்துரைத்த பிறகு நாடு முழுவதும் பாடத்தில் ஏறியது. 2015 ஜூலையில் 'ஸ்டூடன்ட் ரெடி' என்று பெயர் மாற்றி விரிவாக்கினார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மாணவருக்கு மாதம் 3000 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்கு உதவித்தொகை வைத்தது. 3000 பெரிய காசு இல்லை. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஒன்பது நாள் கூலிக்குக்கூடக் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும். அதைவிட முக்கியம், இந்தப் பிள்ளை கிராமத்தில் கற்பதற்கு ஆகும் செலவு படிப்புச் செலவில் சேர்ந்தது என்று ஓர் அரசு நிறுவனம் ஒத்துக்கொண்டிருக்கிறது.

தாவரவியல், பொருளாதாரம், தமிழ், வணிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒத்துக்கொள்ளல் இல்லை. சமூகப்பணி படிக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, கடைசியில் ஒரு மாதம் முழுசாக ஏதாவது தொண்டு நிறுவனத்தில் வேலை. அவர்கள் படிப்பே அதுதான். எல்லாம் கைக்காசில்.

சரி, அரசிடம் காசே இல்லையா? 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பாருங்கள். 21 முதல் 24 வயதுள்ள இளைஞருக்கு ஒரு வருஷம் மாதம் 5000 ரூபாய். இதில் 4500 மத்திய அரசு தருகிறது, 500 நிறுவனம் தருகிறது. சேரும்போது ஒரே தடவையாக இன்னொரு 6000. போய் வேலை கற்க வேண்டிய இடம் நாட்டின் முன்னணி 500 கம்பெனிகள். கம்பெனியில் போய்க் கற்பதை நான் குறை சொல்லவில்லை. கோடி கோடியாய் லாபம் பார்க்கிற இடத்தில் கற்கப் போகிற பிள்ளைக்கு அரசு 4500 தருகிறது. ஏரி தூர் வாருகிற, விதை காக்கிற, சான்றுக்கு நோட்டு எழுதுகிற சங்கத்தில் கற்க வருகிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. என் வழக்கு இவ்வளவுதான்.

வெளிநாட்டைச் சொன்னால் "அது பணக்கார நாடு" என்பார்கள். பணத்தை விடுங்கள், ஏற்பாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் 1964இல் வறுமை ஒழிப்புச் சட்டம் ஒன்றோடு வந்தது, படித்துக்கொண்டே வேலை பார்க்கும் திட்டம். வசதியில்லாத மாணவரின் கூலியில் பெரும்பகுதியை மத்திய அரசு கல்லூரி வழியாகத் தரும். அந்தப் பணத்தில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூகப் பணி செய்யும் மாணவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தே தீரணும் என்று பின்னாளில் விதி போட்டார்கள். உள்ளூர்த் தொண்டு அமைப்பில் வேலை செய்தாலும் கூலி உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1969ஆம் வருஷம் படித்து முடித்த செட்டு ஒன்று சேர்ந்து, 1990களில் ஒரு நிதி வைத்தது. கோடையில் தொண்டு அமைப்புகளுக்குப் போகும் மாணவர்களுக்கு அதிலிருந்து உதவித்தொகை. நம்ம கல்லூரிகளிலும் முன்னாள் மாணவர் சங்கம் உண்டு. பந்தல் போட்டு, பழைய வாத்தியாருக்குச் சால்வை போர்த்தி, பிரியாணி சாப்பிட்டுக் கலைகிறோம். அந்த ஒரு நாள் செலவில் நாலு பிள்ளைக்கு ஒரு மாதப் பஸ் காசு வரும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் பக்கம் ஆரோவில் இருக்கிறது. ஜெர்மனி அரசு 2008இல் 'வெல்ட்வெர்ட்ஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதில் வரும் இளைஞர்கள் ஆரோவில்லிலும் தங்கி வேலை செய்திருக்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு, கைச்செலவு எல்லாம் அந்தத் திட்டத்தில் உண்டு. கடல் தாண்டி வருகிற பிள்ளை நம்ம செம்மண்ணில் மரம் நட அதன் நாட்டு அரசு காசு கொடுக்கிறது. நாப்பத்தாறு ரூபாய் தூரத்தில் இருக்கிற பிள்ளை வர முடியவில்லை.

"சேவைக்கு எதுக்குக் காசு?" என்று நம்ம இயக்கத்திலேயே கேட்பவர்கள் உண்டு. ரொம்ப நாள் நானும் அப்படித்தான் பேசினேன். நம்மாழ்வார் ஐயா காசு பார்த்தா வந்தார் என்று கேட்பேன். அவர் அண்ணாமலைப் பல்கலையில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு களக்காட்டில் ஒரு தொண்டு அமைப்பில் பத்து வருஷம் உழவர்களோடு இருந்தார். படிப்பும் உத்தியோகமும் கண்டு, தானே முடிவெடுத்து விட்டவர் அவர். ரெண்டையும் இன்னும் காணாத இருபது வயசுப் பிள்ளையிடம் போய் அதே தியாகத்தைக் கேட்பது என்ன நியாயம்?

இன்னொரு பக்கமும் சொல்லணும். பயிற்சி என்று பேர் சொல்லிப் பிள்ளைகளைக் காலையிலிருந்து களை வெட்ட விடுகிற பண்ணைகள் இருக்கின்றன. ஆள் பற்றாக்குறைக்கு மாணவர் என்று நினைப்பு. தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிள்ளையிடமே காசு வாங்குகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட இடங்களுக்குப் பல்கலைக்கழகம் பணம் கொடுத்து ஆள் அனுப்பினால் அது நமக்குத்தான் கெட்ட பேர். களை வெட்டுவதும் தெரியணும், இல்லை என்று சொல்லவில்லை. முப்பது நாளில் மூணு நாள் வெட்டட்டும். மீதி நாளில் என்ன கற்கப் போகிறது, யார் சொல்லித் தரப் போகிறார், முடிவில் கையில் என்ன இருக்கும் என்று ஒரு தாளிலாவது எழுதிக் கொடுக்கக் கூடியவர்கள்தான் மாணவரைக் கூப்பிடணும். பெண் பிள்ளை என்றால் சாயங்காலம் எத்தனை மணி வண்டிக்கு அனுப்புவோம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு இந்த வருஷம் தை மாதம் ஒரு கல்லூரிக்குப் போனோம். முதல்வர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல விஷயங்க. ஆனா இதுக்குக் கணக்குத் தலைப்பு இல்லையே" என்றார். உண்மைதான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் முகாமுக்குத் தலைப்பு உண்டு; ஒருத்தர் ஒரு மாதம் ஓர் அமைப்புக்குப் போவதற்கு இல்லை. அந்தத் தலைப்பைப் பல்கலைக்கழகம்தான் உண்டாக்கணும். மதிப்பெண் பட்டியலில் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு வரவுசெலவில் ஒரு வரி ஒதுக்கத் தெரியாதா? பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடணும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. கல்வியும் ஊரக வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பல்கலைக்கழகம் கேட்டால் அதிலிருந்து ஒரு நிதி சேர்க்கலாம். தனித்தனிச் சங்கமாக நாம் போய் நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

அந்த முதல்வர் எங்களை முன்னாள் மாணவர் சங்கச் செயலாளரிடம் அனுப்பினார். அவருக்கே செஞ்சிப் பக்கம் நாலு ஏக்கர் இருக்கிறது, சவுக்கு வைத்திருக்கிறார். ரொம்ப நேரம் சவுக்கு விலை பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தோம். ஒரு மாணவருக்கு 1500 ரூபாய் வீதம் இரண்டு பேருக்குத் தருவதாகச் சொன்னார். மீதி 1500 எங்கள் சங்கம். பதினாலு பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 215 ரூபாய் ஆகிறது. மாசி அறுவடை முடிந்ததும் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர் காசுக்குப் பதிலாக மல்லாட்டை கொண்டுவந்து போட்டார், அதை விற்றுச் சேர்த்தோம். ஆளுக்கு 3000. கிராமத் தங்கல் பிள்ளைகளுக்கு வைத்த அதே தொகை.

ஜவுளிக்கடை 9000த்துக்கு இது ஈடாகாது, தெரியும். அதனால் முப்பது நாளையும் ஒரே மூச்சில் கேட்காமல், கல்லூரியில் பேசி, வாரம் மூணு நாள் வீதம் பத்து வாரமாகப் பிரித்திருக்கிறோம். மீதி நாளில் பிள்ளை வேறு வேலைக்குப் போய்க்கொள்ளலாம்.

போன வருஷப் பொண்ணுக்கு இப்போது மூன்றாம் ஆண்டு தேர்வு நடக்கிறது. போனில் சொன்னேன். அவள் ஜூனியர் ஒருத்தியை அனுப்புவதாகச் சொன்னாள். "நோட்டுல முப்பத்தோராம் பக்கத்துல ஒரு ஆயா பேச்சு பாதில நிக்குதுங்கய்யா, அத மொதல்ல கேட்டு முடிக்கச் சொல்லுங்க. அவங்களுக்கு ஒடம்பு எப்பிடி இருக்கு?" என்றாள். நல்லாத்தான் இருக்கிறார். கண் பார்வை மட்டும் கொஞ்சம் மங்கல்.