படகை நகர்த்துவது கையா, காலா?

லிட்டில் இந்தியாவிலிருந்து சற்றுத் தூரத்திலேயே இருக்கிறது காலாங் படுகை. வார இறுதிக் காலைகளில் அங்கே டிராகன் படகுகளின் முரசொலி கேட்கும். துடுப்புப் போடும் பிள்ளைகளைப் பார்க்கும் பெற்றோர் சிலருக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. கையில் பலம் இருந்தால் போதாதா, உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குவது எதற்கு?

பதில் பலருக்கு வியப்பளிக்கும். படகை நகர்த்தும் பலம் முதலில் கால்களிலிருந்துதான் வருகிறது.

'ரோவிங்' படகில் இருக்கை முன்னும் பின்னும் நகரும். பாதங்கள் ஒரு பலகையில் கட்டப்பட்டிருக்கும். வீரர் முதலில் கால்களால் உதைக்கிறார். அடுத்து முதுகு நிமிர்கிறது. கடைசியில்தான் கை இழுக்கிறது. மொத்த விசையில் ஏறத்தாழ பாதி கால்களுடையது. டிராகன் படகில் இருக்கை நகராது. ஆனால் அங்கும் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பித்தான் துடுப்பு போட வேண்டும்.

பலம் கூடினால் களைப்பு குறையும்

ரோவிங் போட்டியின் வழக்கமான தூரம் 2,000 மீட்டர். அதைக் கடக்க 200 முறைக்கும் மேல் துடுப்பு வலிக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒருவரின் உச்ச பலம் 100 என்றும், ஒவ்வொரு வலிப்புக்கும் 50 தேவை என்றும் வைத்துக்கொள்வோம். அவர் தம் பலத்தில் பாதியைச் செலவிடுகிறார். உச்ச பலம் 125 ஆக உயர்ந்தால் அதே வேலைக்கு 40 விழுக்காடு போதும். கடைசி 500 மீட்டருக்குக் கையிருப்பு மிஞ்சும்.

சிங்கப்பூருக்கு இது முக்கியம். 2013 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் சையிதா ஆயிஷா குறைந்த எடைப் பிரிவில் தங்கம் வென்றார். 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் எடை வரம்பில்லாத பிரிவில் களமிறங்கி 23ஆம் இடத்தைப் பெற்றார். ஒலிம்பிக்கில் துடுப்பு வலித்த முதல் சிங்கப்பூரர் அவரே. அவருக்குப் பின், 2021ல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் தாதியான ஜோன் போ பங்கேற்றார். நீண்ட கை கால்கள் இந்த விளையாட்டில் பெரும் சாதகம். உயரத்தை யாரும் கூட்டிக்கொள்ள முடியாது, பலத்தைக் கூட்டலாம்.

என்ன பயிற்சி?

நம் தாத்தாக்கள் செய்த பஸ்கிதான் அடிப்படை. தோளில் எடையுடன் குந்தி எழுவது 'ஸ்குவாட்'. தரையில் உள்ள எடையைத் தூக்கி நிமிர்வது 'டெட்லிஃப்ட்'. இவற்றுடன் எடையை மார்பை நோக்கி இழுக்கும் பயிற்சியும், வயிறு, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியும் சேரும். போட்டி இல்லாத மாதங்களில் வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். போட்டி நெருங்கும்போது குறைத்துக்கொள்ள வேண்டும். எடைப் பயிற்சி தண்ணீர்ப் பயிற்சிக்கு மாற்றாகாது. 2,000 மீட்டருக்கான சக்தியில் பெரும்பகுதி மூச்சுக்காற்றின் துணையால்தான் கிடைக்கிறது.

எடை தூக்கினால் பிள்ளை வளராதா? இது பழைய பயம். தகுதியுள்ள பயிற்றுநரின் கண்காணிப்பில், வயதுக்கேற்ற எடையுடன் செய்தால் வளர்ச்சி தடைபடாது என்பதே விளையாட்டு மருத்துவத் துறையின் கருத்து.

உண்மையான ஆபத்து அவசரம்தான். துடுப்பு வலிப்போரை அதிகம் வாட்டுவது கீழ்முதுகு வலி. முதுகை வளைத்துக்கொண்டு தகுதிக்கு மீறிய எடையைத் தூக்கினால் அது மேலும் மோசமாகும். முதலில் வெறும் கம்பியுடன் முறையைக் கற்க வேண்டும். எடை பிறகு, சிறிது சிறிதாக.

எனவே பெற்றோரே, "எத்தனை கிலோ தூக்கினாய்?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். "முதுகு நேராக இருந்ததா?" என்று கேளுங்கள்.