தரங்கம்பாடி இருப்புப் பாதை

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே தரங்கம்பாடி வரை ஒரு காலத்தில் இருப்புப் பாதை இருந்தது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு ஆகிய ஊர்களின் வழியே சென்ற அந்த மீட்டர் கேஜ் பாதையின் நீளம் சுமார் 30 கிலோமீட்டர். 1926-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று, அறுபது ஆண்டுகள் பணி புரிந்து, 1986-இல் மூடப்பெற்றது. கிராம நலத்தில் ஈடுபட்டோர் அறியத்தக்க படிப்பினைகள் அதன் வரலாற்றில் உள்ளன.

தரங்கம்பாடி பழைய துறைமுகப்பட்டினம். தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனிஷ்காரர்கள் 1620-இல் அங்குக் கோட்டை கட்டினர். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றனர். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், உள்நாட்டுச் சரக்குகள் அத்துறைமுகத்தை நாடலாயின. ரயில் தொடர்பில்லாத தரங்கம்பாடி பின்தங்கியது. அது ரயிலைக் காண மேலும் 65 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1915-இல் காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்தபோதும் அவ்வூருக்கு ரயில் இல்லை.

ரயில் அமைப்பது பெரிய அரசாங்கங்களுக்கு மட்டுமே இயலும் என்று கருத வேண்டுவதில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு இதற்கெனத் தனி வரி விதித்துப் பணம் திரட்டி, மாயவரம் முதல் முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதையை 1894-இல் திறந்தது. குடியானவர் செலுத்திய வரி, அவர்களுடைய நெல்லைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் பாதையாக மாறியது. ஸ்தல ஸ்தாபனங்களின் ஆற்றலுக்கு இது சிறந்த சான்று.

தரங்கம்பாடிப் பாதை நலிந்ததேன்? அது கடற்கரையோடு முடிந்த கிளைப் பாதை. அதைக் கடந்து வேறு ஊருக்குச் செல்லும் பிரயாணிகளோ சரக்கோ இல்லை. பஸ்களும் லாரிகளும் பெருகியபின், ஊர் வாசலிலேயே ஏறி இறங்கும் வசதியை மக்கள் விரும்பினர். வருவாய் குறைந்த பாதையை அகலப்படுத்துவதற்குப் பதில் மூடிவிட்டனர்.

ஆயினும் மூடிய பாதை மீளாது என்பதில்லை. 1976-இல் மூடப்பெற்ற நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதை, அகலப் பாதையாக 2011-இல் மீண்டும் திறக்கப்பெற்றது. வேதாரண்யத்துக்கு அருகிலுள்ள உப்பளங்களுக்குப் பயன்படும் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளிப் பாதையும், 37 கிலோமீட்டர் அகலப் பாதையாக 2023-இல் திறக்கப்பெற்றது. இத்தகைய பணிக்கு முதல் தேவை நிலம். பழைய பாதையின் நிலம் தொடர்ச்சியாக இருப்பின் செலவும் காலமும் மிச்சமாகும். இடையில் வீடுகள் எழுந்துவிட்டால் வழக்குகளே மிஞ்சும்.

ஆகவே, கைவிடப்பட்ட பாதை உள்ள கிராமங்களில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மூன்று கடமைகளை மேற்கொள்ளலாம். முதலாவது, கிராமக் கணக்கைப் பார்த்து ரயில்வே நிலத்தின் எல்லையை அறிந்து, ஆக்கிரமிப்பு தொடங்கும்போதே உரிய அதிகாரிகளுக்குத் தெரிவித்தல். இரண்டாவது, பழைய ரயில் கரையின் கீழுள்ள மதகுகளும் சிறு பாலங்களும் தூர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுதல். அவை அடைபட்டால் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் வடிய வழியின்றிச் சம்பாப் பயிர் அழுகிவிடும். மூன்றாவது, ரயில் வேண்டுமென மனுச் செய்யும்போது, நாள்தோறும் வெளியூர் செல்வோர் எத்தனை பேர், ஆண்டுதோறும் செல்லும் நெல் எத்தனை மூட்டை என்று கணக்கெடுத்து இணைத்தல்.

வருவாய்க் கணக்கால் மூடப்பட்ட பாதையை மீட்க, கணக்கே துணை நிற்கும்.