உங்கள் எம்.பி. எந்தப் பக்கம் வாக்களித்தார்?

நாடாளுமன்றம் அறிவோம் – 14

சென்ற வாரம் கேள்வி நேரத்தைப் பார்த்தோம். எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை நாள் அவைக்கு வந்தார், எத்தனை விவாதங்களில் பேசினார் என்று எம்.பி.க்களைப் பற்றி, நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். (PRS) அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. தேர்தல் நெருங்கினால் பத்திரிகைகள் அதை வைத்துத்தான் எம்.பி.க்களை ஒப்பிடுகின்றன. ஆனால், ஒரு மசோதாவை அவர் ஆதரித்தாரா, எதிர்த்தாரா? முதலில் கேட்க வேண்டிய இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே கிடைக்காது.

காரணம், குரல் வாக்கெடுப்பு. ‘ஆம்’ என்போரும் ‘இல்லை’ என்போரும் குரல் கொடுப்பார்கள். எது ஓங்கியது என்று அவைத்தலைவர் அறிவிப்பார். யார் பெயரும் பதிவாகாது. அந்த முடிவை ஏற்காமல் உறுப்பினர் ‘டிவிஷன்’ கேட்டால்தான் மணி அடித்து, கதவுகளை அடைத்து, பெயர்வாரியாக வாக்கெடுப்பார்கள். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் இப்படித்தான் நடந்தாக வேண்டும். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை 2023 செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரித்தார்கள், 2 பேர் எதிர்த்தார்கள் என்று சொல்ல முடிவது அதனால்தான்.

வேளாண் மசோதாக்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. பெரும் அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் விவசாயிகளை உட்கார வைத்த சட்டங்களுக்கு, அந்த அவையில் யார் கை தூக்கியது என்ற பட்டியல் கிடையாது. இது மன்னிக்கக்கூடிய குறை அல்ல.

பதிவு இருந்தால் என்ன பயன்? குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பாருங்கள். 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் அ.தி.மு.க. அதை ஆதரித்து வாக்களித்தது. 2021 தேர்தல் அறிக்கையிலோ, அதைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. வாக்கு பதிவாகியிருந்ததால் வாக்காளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

டிவிஷன் நடந்தாலும், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவு இருக்கிறது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, அந்த உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவியே போகலாம். பிரிட்டனில் அப்படி இல்லை. 2003 மார்ச்சில் ஈராக் போர் விஷயத்தில் ஆளும் தொழிற்கட்சியின் 139 எம்.பி.க்கள் சொந்த அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள், பதவி பறிபோகவில்லை. அங்கே டிவிஷனில் வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியலும் 1836 முதல் வெளியாகிறது.

அரசு கவிழும் தீர்மானங்களுக்கும் நிதி மசோதாக்களுக்கும் மட்டும் கொறடா உத்தரவு போதும். மற்ற மசோதாக்களில் உறுப்பினர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கட்டும். எந்த மசோதாவானாலும் இறுதி வாக்கெடுப்பு பெயர்வாரியாகப் பதிவாகட்டும். உங்கள் எம்.பி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள்: “இந்தக் கூட்டத்தொடரில் எந்தெந்த மசோதாவுக்கு என்ன வாக்களித்தீர்கள்?”

(தொடரும்)