ஆவியை அடக்கும் வேலை

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற வழியில் கச்சிராயபாளையம் இருக்கிறது. கல்வராயன் மலையின் அடிவாரம். இங்கே ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. மூங்கில்துறைப்பட்டில் இன்னொன்று.

சர்க்கரை ஆலைக்கு விறகு எது தெரியுமா? கரும்புச் சக்கைதான்! சக்கை எரிகிறது. கொதிகலனில் தண்ணீர் ஆவியாகிறது. அந்த ஆவி எந்திரத்தை ஓட்டுகிறது. கரும்புச் சாற்றையும் காய்ச்சுகிறது.

ஆவியைக் கொண்டுபோகும் குழாய்களைப் பொருத்துகிறவர் பைப் பிட்டர். மலையிலிருந்து கூலி வேலைக்கு வெளியூர் போகும் இளைஞர்கள் பலர். அவர்கள் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் இது. ஆனால், ஆபத்தான தொழில்.

கண்ணுக்குத் தெரியாது!

வீட்டுக் குழாய் ஒழுகினால் தரை நனையும். ஆவிக் குழாய் ஒழுகினால் ஆள் வெந்துபோவான். சோற்றுப் பானைக்கு மேலே வெள்ளையாகத் தெரிகிறதே, அது ஆவி குளிர்ந்து உண்டான நீர்த்துளி. உண்மையான ஆவி கண்ணுக்குத் தெரியாது. "எங்கே ஒழுகுகிறது?" என்று கையை நீட்டித் தேடினால், கை போய்விடும்.

சூடு ஏறினால் இரும்பு நீளும். 100 மீட்டர் குழாயில் 200 டிகிரி சூடு கூடினால், அது 24 சென்டிமீட்டர் நீளும். ஒரு சாண்! அதற்கு இடம் விடாவிட்டால் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். அதனால்தான் ஆவிக் குழாயை ஆங்காங்கே வளைத்து விடுகிறார்கள்.

குழாய்க்குள் தண்ணீர் தேங்கினாலும் ஆபத்துதான். வேகமாக வரும் ஆவி அந்தத் தண்ணீரைச் சம்மட்டிபோல் வீசி அடிக்கும். வால்வை மெல்லத்தான் திறக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது.

நெய்வேலி அனல் மின் நிலையத்தில் 2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதியும், ஜூலை 1-ஆம் தேதியும் கொதிகலன் விபத்துகள் நடந்தன. இரண்டிலும் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

எப்படிச் சேருவது?

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் 2 ஆண்டு படிக்கலாம். மலையிலேயே, சேலம் மாவட்டப் பக்கம், கருமந்துறையில் ஓர் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. படித்த பிறகு ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும். இதற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும்; மாதாமாதம் உதவித்தொகையும் தர வேண்டும். ஆபத்தான தொழிலுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் அதே ஆலையில் வேலை உறுதி என்று சட்டம் சொல்லவில்லை. பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கையில் இருப்பது சான்றிதழும் தொழிலும்தான்.

அரவை நடக்கும்போது குழாயைப் பிரிக்க முடியாது. அரவை நின்று, கொதிகலன் ஆறிய பிறகுதான் குழாய்களையும் வால்வுகளையும் கழற்றுவார்கள். கற்றுக்கொள்ள வந்தவனுக்கு அதுதான் அறுவடைக் காலம். போல்ட்டை ஒரே பக்கமாக முறுக்காமல், எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கப் பழகுவான். வேலை முடிந்தாலும் உடனே ஆவி விடமாட்டார்கள். முதலில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்!